ஃப்ரீசர்ல ஒரு தயிர்க் கச்சேரி!

ஒரு பக்கம் செமஸ்டர், இன்னொரு பக்கம் வெயில்னு ரெண்டும் சேர்ந்து உங்களை வறுத்தெடுக்கிற நேரம். எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்ததும் கால் தானா போய் நிக்கிறது காலேஜ் வாசல் ஐஸ் வண்டியிலதானே? 'கொஞ்சம் தயிர், கொஞ்சம் பழம் இருந்தா வீட்டுலயே செஞ்சுக்கலாம்'னு சொன்னா, 'போங்க பாஸ், எட்டு மணி நேரம் யார் காத்திருக்கிறது'ன்னு கேட்பீங்க. ராத்திரி வெச்சுட்டுத் தூங்குங்க. காத்திருக்கிற வேலையை ஃப்ரீசர் பார்த்துக்கும்.

வண்டிக்காரர் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பயமெல்லாம் ஐஸ் மேலதான். மீன் பெட்டிக்குப் போடறதுக்காகச் செய்யற ஐஸ் கட்டி, குடிக்கிற தண்ணியில செஞ்சதா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்லை. அது சுத்தி வளைச்சு ஜூஸ் டம்ளருக்குள்ள வந்துடக் கூடாதேன்னுதான், 2018-ல் மகாராஷ்டிராவில் சாப்பிடாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கணும்னு உத்தரவே போட்டாங்க. 'ஃப்ரீசர்ல போனா கிருமி செத்துடுமே'ன்னு நம்மள்ல பல பேர் நினைச்சிட்டிருக்கோம். சாகாதுங்க. டைஃபாய்டு கிருமியும், மஞ்சள் காமாலை கொடுக்கிற ஹெபடைடிஸ் ஏ வைரஸும் உறைஞ்சு கிடந்துட்டு, உருகினதும் எழுந்து வேலையைக் காட்டும். ஏப்ரல்ல காமாலை வந்தா அந்த செமஸ்டரையே மறந்துட வேண்டியதுதான்.

இதே விஷயத்துல நமக்கு ஒரு லாபமும் இருக்கு. தயிர்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவும் பெரும்பாலும் ஃப்ரீசர்ல சாகறதில்லை, தூங்குது, அவ்வளவுதான். அதனால உறைஞ்ச தயிரும் தயிர்தான். ஆனா பழத்தை 'எப்படியும் ஃப்ரீசர்ல போகப் போகுதே'ன்னு கழுவாம விட்டுடாதீங்க. கழுவறதும் கத்தியும் கையும் சுத்தமா இருக்கறதும்தான் இங்க மருந்து.

சரி, கிச்சனுக்குள்ள வாங்க. (பசங்களா, நீங்களும்தான்! தங்கச்சியைக் கூப்பிட்டு உட்கார வெச்சுட்டு டிவி பக்கம் நழுவக் கூடாது.)

முதல் எதிரி தண்ணி. கடைத் தயிரோ வீட்டுத் தயிரோ, அப்படியே ஃப்ரீசர்ல வெச்சா மறுநாள் கையில வர்றது கல்லு. ஏன்னா உறையும்போது தண்ணி தனியாப் பிரிஞ்சு ஊசி ஊசியா ஐஸ் கட்டுது. ஃபேக்டரியில வேகமா உறைய வெச்சுக்கிட்டே காத்தை அடிச்சுக் கடையறதால ஊசி பொடிசாவே நின்னுடும். நம்ம வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில நிதானமா வேலை செய்யற ஆளு, ஊசி வளர்றதுக்கு நேரம் கொடுத்துடுவார். அதனால தண்ணியை நாமதான் முதல்லயே வெளியேத்தணும்.

அரை லிட்டர் கெட்டித் தயிரை, துவைச்ச வெள்ளை வேட்டித் துணியில கொட்டி மூட்டை கட்டுங்க. ஒரு வடிகட்டி மேல அதை வெச்சு, கீழே பாத்திரம் கொடுத்து ஃப்ரிட்ஜ்லயே நாலு மணி நேரம் விட்டுடுங்க. (சமையல் மேடைக் குழாய்ல தொங்க விட்டா சென்னை வெயிலுக்குப் புளிச்சுப் போகும்.) ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பன்னீருக்கும் வெண்ணெய்க்கும் நடுவுல ஒரு பதம். மராட்டியர்களும் குஜராத்திகளும் ஸ்ரீகண்ட் செய்யறது இதுலதான். வடிஞ்ச தண்ணியைச் சாக்கடையில ஊத்திடாதீங்க, சப்பாத்தி மாவு பிசைய பிரமாதமா இருக்கும். அம்மாகிட்ட நல்ல பேரும் கிடைக்கும்.

இப்போ மாம்பழம். வடிச்ச தயிர் ஒரு கப், மாம்பழக் கூழ் ஒரு கப், சர்க்கரை ரெண்டு டேபிள்ஸ்பூன், சிட்டிகை உப்பு, ஒரு ஏலக்காய். நார் இல்லாத பங்கனபள்ளியோ இமாம் பசந்தோ இருந்தா ராஜயோகம். நார் மாம்பழம்னா கூழை வடிகட்டிக்குங்க. எல்லாத்தையும் கரண்டியால கலந்து ருசி பாருங்க. 'கொஞ்சம் இனிப்பு தூக்கலா இருக்கே'ன்னு தோணுச்சா? அதுதான் சரி. நாக்கு சில்லுன்னு ஆனா இனிப்பு குறைச்சலாத்தான் தெரியும். சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் இருக்கு, தண்ணியை முழுசா உறைய விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். 'டயட்ல இருக்கேன்'னு சர்க்கரையைச் சுத்தமா விட்டுட்டா பல்லுதான் உடையும். வேணும்னா இன்னும் பழுத்த பழமாப் பார்த்துப் போடுங்க.

குல்ஃபி அச்சு இல்லையா? சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். ஒண்ணரை மணி நேரம் கழிச்சு, பாதி இறுகினப்போ குச்சியைக் குத்தினா சாயாம நிக்கும். இந்தக் குச்சி ஐடியாவே ஒரு சின்னப் பையனோடது தெரியுமா? 1905-ல், அமெரிக்காவுல சான்பிரான்சிஸ்கோ பக்கம் ஃபிராங்க் எப்பர்சன்னு ஒரு 11 வயசுப் பையன், சோடாப் பொடி கலந்த தண்ணியைக் கலக்கற குச்சியோட ராத்திரி வாசல்ல விட்டுட்டுத் தூங்கிட்டான். குளிர்ல உறைஞ்சு காலையில குச்சி ஐஸ் ரெடி. வளர்ந்து ஆளாகி 1924-ல் பேட்டண்ட்டும் வாங்கிட்டார். நமக்கு அந்தக் குளிர் இல்லை, அதனால ஃப்ரீசர். மறுநாள் டம்ளரைப் பத்து செகண்ட் குழாய்த் தண்ணியில காட்டிட்டு உருவுங்க.

அதே தயிரை, தேன் கலந்து, தட்டுல பட்டர் பேப்பர் போட்டு அரை விரல் கனத்துக்குப் பரப்பி, மேல மாதுளை முத்து, பொடியா நறுக்கின சப்போட்டா, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை தூவி மூணு மணி நேரம் வெச்சா, கடலை மிட்டாய் மாதிரி உடைச்சுச் சாப்பிடலாம். என் ஓட்டு இதுக்குத்தான். விதையில்லாத திராட்சையைத் தயிர்ல முக்கி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமத் தட்டுல பரப்பி வெச்சாலும் சூப்பர். ஆனா வீட்டுல அஞ்சு வயசுக்குள்ள வாண்டு இருந்தா முழு திராட்சை கையில கொடுக்காதீங்க, தொண்டையில சிக்கிடும். நீளவாக்குல நறுக்கிக் கொடுங்க.

ரெண்டு பழத்துகிட்ட மட்டும் ஜாக்கிரதை. தர்பூசணி 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, தயிரோட சேராது. தனியா ஜூஸ் அடிச்சு உறைய வையுங்க. பச்சை அன்னாசியைத் தயிர்ல கலந்தா கொஞ்ச நேரத்துல கசக்க ஆரம்பிச்சுடும். அதுல இருக்கிற ப்ரோமலைன்ங்கிற என்சைம் தயிரோட புரதத்தை உடைக்குது. ஃப்ரீசர் அதை அடக்காது, அடுப்புதான் அடக்கும். சர்க்கரை சேர்த்து நல்லாக் கொதிக்க வெச்சு, ஆற வெச்ச பிறகு சேர்த்தா சமத்தா இருக்கும்.

வாழைப்பழம்? கறுத்துப் போச்சுன்னு யாரும் தொடாத பழத்துக்கு இதுதான் மறுவாழ்வு. வட்டமா நறுக்கி உறைய வெச்சு, அஞ்சு நிமிஷம் வெளிய வெச்சுட்டு, ரெண்டு ஸ்பூன் தயிரோட மிக்சியில விட்டு விட்டு அடிங்க. க்ரீமே இல்லாம க்ரீம் மாதிரி வரும். தொடர்ந்து ஓட விட்டா மோட்டார் புகையும், அப்புறம் அம்மாவும் புகைவாங்க.

'எங்க ஹாஸ்டல்ல ஃப்ரிட்ஜே கிடையாது'ங்கிறவங்களுக்குத்தான் சூப்பர் மேட்டர். மூணு பங்கு உடைச்ச ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு கலந்தா, ஐஸ் உருகிக்கிட்டே பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் பத்துக்கும் அந்தாண்டை போகும். தயிர்க் கலவையை ஜிப் கவர்ல, அதை இன்னொரு ஜிப் கவர்ல, ரெண்டையும் உப்பு ஐஸ் நிரப்பின பெரிய கவர்ல போட்டு மூடி, கையில துண்டைச் சுத்திக்கிட்டு பதினஞ்சு நிமிஷம் குலுக்குங்க. ரூம்மேட்ஸ் முறை வெச்சுக் குலுக்கினா கை வலிக்காது. வெறும் கையால பிடிச்சா தோல் புண்ணாயிடும். பிரிக்கறதுக்கு முன்னாடி உள் கவரைத் துடைச்சுடுங்க, இல்லாட்டி உப்பு போட்ட லஸ்ஸிதான்!

ஒரு விஷயம், கடையில வாங்கினாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 'ஐஸ்க்ரீம்'னா பால் கொழுப்பு, 'ஃப்ரோஸன் டெசர்ட்'னா தாவர எண்ணெய்க் கொழுப்பு. ரெண்டும் சட்டப்படி விற்கிறதுதான், ஆனா எதுக்குக் காசு கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுக்கலாமே.

செஞ்சதை ஒரு வாரத்துக்குள்ள காலி பண்ணிடுங்க. மூடி வைக்கலைன்னா பக்கத்துல இருக்கிற மீன் வாசனையெல்லாம் தயிர் இழுத்துக்கும். கரண்ட் போய் முழுசா உருகினதைத் திரும்ப உறைய வைக்காம, அப்பவே லஸ்ஸியா குடிச்சுடுங்க. டம்ளர் மேல பேர் எழுதி ஒட்டவும் மறக்காதீங்க. தம்பிகள் இருக்கிற வீட்டுல அதுவும் எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது!