36 வருஷ நிலுவை



வங்கிக் கவுண்டரில் சில்லறை எண்ணும்போது எப்போதாவது 1990ஆம் வருஷத்து ஒத்த ரூபாய் சிக்கும். அண்ணல் முகம் போட்ட நூற்றாண்டு நாணயம். வள்ளூர் அனல்மின் நிலையத்து ஒப்பந்தக் கூலி முதல் முதலாளி வரைக்கும் தீட்டுப் பார்க்காமல் கை மாறிய காசு. அதே வருஷம்தான் அவருக்குப் பாரத ரத்னாவும் வந்தது.

விருதை ஏற்படுத்தியது 1954 ஜனவரி 2. முதல் வருஷம் மூன்று பேர்: இராஜாஜி, சி.வி. இராமன், நம்ம மாவட்டத்துத் திருத்தணிக்காரரான இராதாகிருஷ்ணன். மூவரும் பார்ப்பனர். 1955இல் நேரு, 1971இல் இந்திரா. இருவரும் பிரதமர் நாற்காலியில் இருந்தபடியே வாங்கினார்கள். இறந்தவர்களுக்கும் தரலாமென்று 1955லேயே விதியைத் திருத்தியாச்சு. அண்ணல் மறைந்தது 1956 டிசம்பர் 6. ஆக, விதி எதுவும் குறுக்கே நிற்கல.

1963இல் பி.வி. காணேவுக்குக் கொடுத்தார்கள். தர்மசாஸ்திரங்களின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதியவர். அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பிள்ளை புத்தி விடுமா? சாஸ்திரத்துக்கு வரலாறு எழுதியவருக்கு 1963. 1927 டிசம்பர் 25இல் மகாடில் மனுஸ்மிருதியை எரித்தவருக்கு, பிறகு இந்த நாட்டுக்கே சட்டம் வரைந்த குழுவின் தலைவருக்கு, 27 வருஷம் கழித்து! அதற்குள் 21 பேர் வாங்கிப் போயிருந்தார்கள்.

கடைசியில் வி.பி. சிங் ஆட்சி வரவேண்டியிருந்தது. 1990 ஏப்ரல் 14 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனிடமிருந்து சவிதா அம்பேத்கர் பெற்றுக்கொண்டார். பதக்கம் அரச இலை வடிவம். புத்தர் உட்கார்ந்த மரத்து இலை! நாக்பூரில் பௌத்தம் தழுவியவர் வீட்டுக்கு அந்த இலை வந்துசேர 34 வருஷம்.

பெரியாருக்குக் குடு, அயோத்திதாசருக்குக் குடு என்று இப்போதும் கேட்கிறவர்கள் உண்டு. கேட்கட்டும். எனக்கு அந்த வரிசையில் நிற்க மனசில்லை. ரத்தினம் என்று பட்டம் கட்டிய அதே ஆளின் சிலை நம்ம தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் இரும்புக் கூண்டுக்குள்ளே நிற்குது! உடைக்கிறவனைப் பிடிக்கத் துப்பில்லாமல் உடைபடுகிறவரைப் பூட்டி வைக்கிறார்கள். பிறந்தநாளைக்கு மாலை போட நாம மனு எழுதிக்கொண்டு அலையணும்.

வருகிற ஏப்ரலில் அந்த மனுவை மாத்தி எழுதுவோம். மாலைக்கு அனுமதி வேண்டாம், கூண்டை எடு.