விற்றமின் போத்தலுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிற வருத்தம்

போன செமஸ்டர், எக்ஸாமுக்கு ரெண்டு நாளைக்கு முதல் என்ர அறைத்தோழிக்கு வலிப்பு வந்தது. ஓடிவந்த ஆக்கள் முதலில தேடினது திறப்புக் கோர்வையை. கையில இரும்பு குடுத்தா நிக்குமாம். ரெண்டு நிமிசத்தில வலிப்பு தானா நிண்டுது. பேர் என்னவோ திறப்புக்குத்தான்.

பிறகுதான் விசயம் தெரிஞ்சுது. மூண்டு வருசமா வலிப்பே வராதவள், ஒரு கிழமைக்கு முதல் குளிசையை விட்டிருக்கிறாள். பதிலுக்கு ஒரு விற்றமின் போத்தல். "சத்துக் குறைவுதான், இங்கிலிஸ் மருந்து மூளையைப் பழுதாக்கும்" எண்டு சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னவராம்.

விற்றமின் பி6 ஆல் அடங்கும் வலிப்பு உண்டு. ஆனால் அது பிறவியிலேயே வரும் மிக அரிதான வகை, பெரும்பாலும் கைக்குழந்தைகளில் தெரியவரும். மற்றவர்களுக்கு விற்றமின் மருந்துக்கு ஈடாகாது. குளிசையைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம்.

அதற்காக விற்றமினே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெனிட்டொயின், காபமசெபின் போன்றவை உடம்பிலுள்ள விற்றமின் டியை வேகமாகச் சிதைக்கும். வருடக்கணக்கில் எடுத்தால் எலும்பு மெலியலாம். என் தோழி எடுத்ததோ வல்புரோவேற். கர்ப்பத்தில் அதை எடுத்தால் ஏறத்தாழ 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரும். 10 இல் 3, 4 பேருக்கு வளர்ச்சியில் பிரச்சினை வரும். குழந்தையின் முண்ணாண் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாளில் மூடிவிடுகிறது. ஃபோலிக் அசிட்டை அதற்கு முதலே தொடங்கவேண்டும். அதுவும் வல்புரோவேற்றின் ஆபத்தை முழுசாகப் போக்காது. மருந்தையே மாற்றலாமா என்று வைத்தியரோடு பேசவேண்டும்.

இதெல்லாம் 22 வயதான அவளுக்கு ஏன் தெரியாது? கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பது அவளில்லை, அம்மா. ஊர் கண்டால் கலியாணம் குழம்புமாம். வராத பிள்ளையிடம் வைத்தியர் எதைச் சொல்வது? ஒருமுறை அவளே போனபோதும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கலியாணம் ஆகாத பிள்ளையோட கர்ப்பத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாதாம்! கலியாணத்துக்காக வருத்தத்தை மறைக்கிறீர்கள். அந்த மறைப்புத்தான் நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளையையும் பாதிக்கப்போகிறது.

ஆகவே தோழியரே, இதை வாசித்துவிட்டுக் குளிசையை நிப்பாட்டாதேங்கோ. பார்மசியில ஃபோலிக் அசிட்டை நீங்களா வாங்கியும் போடாதேங்கோ, அது பெனிட்டொயினின் அளவைக் குறைக்கக்கூடும். அடுத்த கிளினிக்குக்கு நீங்களே போங்கோ. என்ர மருந்தின்ர பேர் என்ன, அதோட எந்த விற்றமின் வேணும், நாளைக்குப் பிள்ளை பெற இந்த மருந்து சரிவருமா எண்டு கேளுங்கோ. வெட்கப்பட வேண்டியது நீங்களில்லை, இவ்வளவு நாளும் சொல்லாமல் விட்ட ஆக்கள்.