கர்த்தருடைய சித்தமும் வராத பில்லும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. எழுதினால் வீட்டில் திட்டு விழும், சபையில் முகம் கோணுவார்கள் என்ற பயம்தான். இப்போது பி.காம். கடைசி செமஸ்டர். இனியும் பயந்துகொண்டிருந்தால் மூன்று வருஷம் கணக்குப் படித்ததற்கு அர்த்தமே இல்லை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஆரணி என்றதும் பட்டுச் சேலையா என்று கேட்பார்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டம். பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் நாங்கள் ஆற்றைப் பார்க்க ஓடுவோமே, அந்த ஆரணி. (பட்டுச் சேலைக்காக இங்கே வந்து ஏமாந்து திரும்பியவர்களும் உண்டு!)

அப்பா இங்கே வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் லேத் வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு வேலையாட்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் பெரிய கம்பெனிகளுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனிக்கு ஜாப் வொர்க். கம்பி வரும், கடைந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் 30 நாளில் பணம் வந்தது. பிறகு 60 ஆனது, 90 ஆனது. கடைசி பதினோரு பில்லுக்குப் பணமே வரவில்லை. மொத்தம் 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கம்பெனி கேட்டதற்காக ஜி.எஸ்.டி. நம்பர் வேறு எடுத்திருந்தார். பணம் கைக்கு வராவிட்டாலும் பில் போட்ட கணக்குக்கு வரி கட்டியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வராத பணத்துக்கு வட்டிக்கு வாங்கி வரி கட்டினார் அப்பா. போன வருஷம் ஷட்டரை இறக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறுதல் சொல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நல்லவர்கள்தான். சாப்பாடு கொண்டுவந்தார்கள், அம்மாவோடு உட்கார்ந்து அழுதார்கள், அதையெல்லாம் மறக்கமாட்டேன். ஆனால் வந்த ஒவ்வொருவரும் போகும்போது ஒரு தீர்ப்பையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மூப்பர், "பிரதர், தசமபாகம் சரியா குடுத்தீங்களான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். இன்னொருவர் இது யோபுவுக்கு வந்த மாதிரி சோதனை, இரட்டிப்பாகத் திரும்ப வரும் என்றார். மூன்றாமவர் கர்த்தர் இந்தக் கதவை அடைத்திருக்கிறார், வேறு கதவு திறக்கும், இதையே பிடித்துக்கொண்டு இருக்கக்கூடாது என்றார்.

தண்டனை, சோதனை, அடைத்த கதவு. ஒரே நஷ்டத்துக்கு மூன்று அர்த்தம், மூன்றுமே கர்த்தர் பேரில்! பதினோரு பில் என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு நாள் அப்பாவின் ஜெப நோட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். பில் நம்பர் எழுத வேண்டிய மனுஷன், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தான் செய்த தப்புகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். தம்பியோடு சண்டை போட்டது. ஷெட் திறந்த முதல் மாதம் காணிக்கை போடாமல் விட்டது. பக்கம் பக்கமாக. அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதுவது, மறைக்கவில்லை.

அப்பா தன் பாவத்தைத் தேடிக்கொண்டிருந்த அந்த எட்டு மாதத்தில் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. "கர்த்தர் பாத்துக்குவாரும்மா" என்றார். நான் வகுப்பில் படித்துக்கொண்டிருந்ததோ குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006. பதிவு செய்த சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுதிய ஒப்பந்தத்தில் அதற்கு மேல் போட்டிருந்தாலும் செல்லாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. கேட்டு வாங்குவதற்கென்றே கவுன்சில் இருக்கிறது, அங்கே மனு போடலாம். 2023 நிதிச் சட்டம் இன்னும் ஒரு பிடி போட்டது: அந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தரும் வருஷம் வரை அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு கொஞ்சம் அசைந்ததே அதற்குப் பிறகுதான்.

இந்தச் சட்டமெல்லாம் இருக்கும்போது "கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லி உட்கார்ந்தால் யாருக்கு லாபம்? பணத்தைப் பிடித்துவைத்திருக்கும் கம்பெனிக்குத்தான்.

இதை வேதத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் வேதத்தைத் திறக்கட்டும். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் ஒரு கோபுரம் வருகிறது, 14ஆம் அதிகாரத்தில் இன்னொரு கோபுரம். முதலாவது சீலோவாமில் விழுந்து 18 பேரைக் கொன்றது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். இரண்டாவது கோபுரத்தைக் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க வேண்டும், பார்க்காமல் பாதியில் நின்றால் ஊர் சிரிக்கும். அது சீஷனாவதைப் பற்றிய உவமைதான், தெரியும். ஆனாலும் விழுந்த கோபுரத்தில் பாவத்தைத் தேடாதே, கட்டப்போகிற கோபுரத்துக்குக் கணக்குப் போடு என்று இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. எங்கள் சபையில் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். கடன் வாங்கி விரிவாக்கும்போது ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை, எண்ணெய் பூசி ஜெபித்து ரிப்பன் வெட்டுகிறோம். விழுந்த பிறகு பாவத்தைத் தோண்டுகிறோம்.

யோபுவை உதாரணம் காட்டுகிறவர்களுக்கு ஒன்று. அந்தப் புஸ்தகத்தில் நஷ்டத்துக்கு அர்த்தம் சொன்னவர்கள் அவருடைய சிநேகிதர்கள். முடிவில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல்தான். யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று. ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கடைசி அதிகாரத்தையும் வாசித்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும் :-)

வியாபாரத்தையும் தேவசித்தத்தையும் நேராகச் சேர்த்துப் பேசும் இடம் யாக்கோபு நிருபம், 4ஆம் அதிகாரம். இன்ன ஊருக்குப் போய் ஒரு வருஷம் இருந்து லாபம் பண்ணுவோம் என்கிறவர்களைப் பார்த்து, கர்த்தருக்குச் சித்தமானால் என்று சொல்லுங்கள் என்கிறது. கவனியுங்கள், அது திட்டம் போடும்போது சொல்ல வேண்டிய வார்த்தை, அகந்தையை அடக்குவதற்கு. நஷ்டம் வந்த பிறகு சமாதானத்துக்குச் சொல்லும் வார்த்தையாக நாம் மாற்றிவிட்டோம். இன்னும் சில வசனம் தள்ளி, 5ஆம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. அந்தப் பிடித்துவைத்த கூலிதான் என் அப்பாவின் பதினோரு பில்.

இப்போது "சாட்சி" கதைக்கு வருகிறேன். நான் காலேஜுக்குப் பொன்னேரியில் ரயில் ஏறுகிறேன். விம்கோ நகர் தாண்டினால் திருவொற்றியூர். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தது இந்தத் திருவொற்றியூரில்தான். பலூனைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ராஸ் தெருவில் அவரே விற்றார். அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். அதற்கு முந்திய கதையும் உண்டு. அவருடைய அப்பா கே.சி. மாம்மன் மாப்பிள்ளை, சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், மலையாள மனோரமாவின் ஆசிரியர். அவருடைய வங்கியும் சி.பி. மாத்தனின் வங்கியும் 1937ல் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்டு கொல்லம் வங்கி ஆனது. 1938ல் அது மூழ்கியது. அதே வருஷம் பத்திரிகைக்கும் பூட்டு. பெரியவர் சிறைக்குப் போனார். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் பகைதான் வங்கியைச் சாய்த்தது என்று குடும்பத்தார் சொல்வார்கள். நிர்வாகத்தில்தான் கோளாறு என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

இதைக் கூட்டங்களில் எப்படிச் சொல்வார்கள்? "பாருங்கள், கர்த்தர் வங்கியை மூடி டயர் கம்பெனியைத் திறந்தார்!" கைதட்டல். சரி, அந்த வங்கியில் பணம் போட்டவன்? மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தவன்? 1938ல் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. அவனுக்காக எந்த டயர் கம்பெனியும் திறக்கவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பின்னால் வந்த லாபத்தை வைத்துக் கடவுளின் மனதைப் படிப்பதானால், மற்றவர்களுக்கு வந்த நஷ்டத்தை வைத்தும் படிக்க வேண்டும். அந்தப் பக்கத்தைச் சாட்சியில் யாரும் வாசிப்பதில்லை. மாம்மன் மாப்பிள்ளையை நான் மதிக்கிறேன், ஆனால் மதிப்பது அந்தப் பலூன் பைக்காக. அந்த வருஷம் அவருக்கு டயர் கம்பெனி தெரியாது. பலூன்தான் தெரியும்.

1960ல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியபோதும் கேரளத்தில் எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்களின் பணம் போயிற்று. அப்போது யாரோ சிலர் பாவத்தைத் தேடாமல் சட்டத்தைத் தேடினார்கள். 1961ல் சட்டம் வந்தது, 1962 ஜனவரியிலிருந்து டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ். முதலில் 1,500 ரூபாய். 2020லிருந்து 5 லட்சம். நஷ்டத்தைப் பார்த்து ஏன் என்று லெட்ஜரிடம் கேட்டதால் கிடைத்த பாதுகாப்பு அது.

எதிர்ப்பக்கத்துக்காரர்களையும் விடப்போவதில்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். பெருகுவாய் என்று வந்தால் ஜனவரியில் இன்னொரு மெஷினுக்கு லோன். கிதியோன் தோலை விரித்த மாதிரி தினம் ஒரு அடையாளம் கேட்கிறோம். லாபம் வந்தால் ஆசீர்வாதம் என்கிறீர்களே, எங்கள் பில்லைத் தராத கம்பெனியின் கையில் 4 லட்சம் வட்டியில்லாமல் சுழன்றதே, அதில் வந்த லாபம் யாருடைய ஆசீர்வாதம்? இதற்கு ஒருவராவது பதில் சொல்லட்டும்.

அப்படியானால் தொழிலில் தேவசித்தம் என்று ஒன்று கிடையாதா என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். அது நடந்தது ஏன் என்பதில் நமக்குப் படிக்கக் கிடைக்காது. யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. எலிசாவிடம் வந்த விதவையின் கதை ஞாபகமிருக்கிறதா? கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துப் போக நிற்கிறான். அற்புதம் நடக்கிறது, பாத்திரமெல்லாம் எண்ணெய். அடுத்து எலிசா சொல்வது: எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். கடன் ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் கம்பெனிச் சட்டப் பாடத்தில் வரும் வரிசையும் ஏறக்குறைய இதுதான். 2016 திவால் சட்டத்திலும் கலைக்கும்போது தொழிலாளியின் 24 மாதப் பாக்கி, பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமாக மேலே நிற்கிறது. முதலாளிக்குக் கடைசியில்தான்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஷட்டர் இறக்கிய அந்த வாரமே டிரில்லிங் மெஷினை விற்று இரண்டு வேலையாட்களுக்கும் பாக்கிக் கூலியைக் கொடுத்துவிட்டார். அதற்கு அவர் எந்த அடையாளமும் கேட்கவில்லை, யாரிடமும் தீர்க்கதரிசனம் கேட்கவில்லை. "அவங்க பணம்" என்றார், அவ்வளவுதான். தன்னுடைய பணம் என்று வந்தபோதுதான் சித்தம், சோதனை, கதவு எல்லாம் வந்து குறுக்கே நின்றன.

போன மாதம் பதினோரு பில்லையும் தேதிவாரியாக அடுக்கினோம். இரண்டு பில் கிடைக்கவில்லை, டெலிவரி சலானை வைத்துக் கண்டுபிடித்தேன். எட்டு மாத வட்டியை நான்தான் போட்டேன், அப்பா கால்குலேட்டரில் சரிபார்த்தார், என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கவுன்சிலுக்கு மனுவை ஆன்லைனில் ஏற்றும்போது, "ஜெபம் பண்ணிட்டு அனுப்பலாமாம்மா?" என்றார்.

"பண்ணலாம்ப்பா" என்றேன். பண்ணினோம். பிறகு பட்டனை அழுத்தினேன். நெட் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. இது என்ன சித்தம் என்று அப்பா கேட்கவில்லை, சிரித்தார்.