ரீசெட் அமத்தினால் ரயருக்குள் காத்து வராது

ஒரு ஞாயிறு காலை ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு முன்னால், ஜூலியோ சேசரே சதுக்கத்தில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். இரவு ரயிலில் வரும் சித்தப்பாவுக்காகவும், கத்தானியா பஸ்ஸில் வரும் மச்சாளுக்காகவும் எங்கட ஆட்கள் காரை அரைகுறையாக நிறுத்திவிட்டு, எஞ்சினையும் நிப்பாட்டாமல் காத்துக்கொண்டிருப்பார்கள். போன மாதம் அப்படி நின்றபோது தெரிந்தவர்களின் நாலு கார்களை எட்டிப் பார்த்தேன். இரண்டில் அந்த மஞ்சள் லைட் எரிந்தது. மூன்றாவதில் அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரேப் துண்டொன்று ஒட்டியிருந்தது.

எந்த லைட் என்று உங்களுக்குத் தெரியும். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. ரயரைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அந்தப் படம்.

“என்ன மாமா, லைட் எரியுது?”

“அது சும்மா தம்பி. சென்சர் பிழை. ரீசெட் அமத்தினா போயிடும். திரும்ப வரும், திரும்ப அமத்துவன்.”

இந்தப் பதிவு அந்த வசனத்துக்கு எதிரானது. மாமாவுக்கு எதிரானது இல்லை. மாமாவுக்கு அந்த வசனத்தைப் பழக்கியது நாங்கள்தான், அதுக்குப் பிறகு வருகிறேன்.

பத்தொன்பது வயதில், பத்தெந்தே எடுத்துச் சில மாதங்களில், எங்கட காரிலும் இதே லைட் வந்தது. அப்பா கேட்டார். நான் ஸ்கிரீனில் மெனுவைத் தேடி, ஒரு கேள்விக்கு “ஓம்” கொடுத்தேன். லைட் அணைந்தது. “பார்த்தீங்களா, படிச்ச பிள்ளை” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். இரண்டு கிழமை கழித்து ஆகஸ்ட் இரவில், அஞ்சு பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகக் கத்தானியா போகிற வழியில், தெர்மினி இமெரேசே தாண்டி ஏ19 நெடுஞ்சாலையில் பின்பக்க ரயர் நார் நாராகக் கிழிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லொறிகள் காதோரம் போகப் போக, அம்மா தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருட்டில் குந்தியிருந்த காட்சி எனக்கு இன்னும் போகவில்லை. அந்த மெனு என்னிடம் என்ன கேட்டது என்று அடுத்த நாள்தான் வடிவாக வாசித்தேன். “ரயர் அழுத்தங்களைச் சரிசெய்துவிட்டீர்களா?” என்று கேட்டிருந்தது. நான் ஓம் என்று பொய் சொல்லியிருக்கிறேன். கார் நம்பிவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கை முறையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று நேரடி வகை. சில்லுக்குள், வால்வோடு சேர்த்து ஒரு சின்னச் சென்சர் இருக்கும். அது அழுத்தத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும், ஐரோப்பாவில் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதுக்குள் இருக்கும் பற்றரி பொதுவாக 5 முதல் 10 வருடம் தாங்கும். மற்றது மறைமுக வகை. இதில் ரயருக்குள் ஒன்றுமே இல்லை. பிரேக்குக்காக ஏற்கனவே இருக்கிற ஏபிஎஸ் சென்சர்கள் ஒவ்வொரு சில்லும் எவ்வளவு வேகமாகச் சுத்துது என்று எண்ணும். காத்து இறங்கின ரயரின் உருளும் ஆரை கொஞ்சம் குறையும், அதனால் அது மற்றதுகளைவிடக் கூடச் சுத்தும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் லைட் எரிகிறது. மலிவான முறை, அதனால் சின்னக் கார்களில் நிறைய இருக்கிறது.

மறைமுக வகைக்கு 2.3 பார் என்றால் என்னவென்றே தெரியாது. நீங்கள் எதைச் “சரி” என்று சொல்லிக் கொடுக்கிறீர்களோ அதுதான் அதுக்குச் சரி. ரீசெட் என்பது அந்தச் சொல்லிக் கொடுப்புத்தான். இப்ப கணக்குப் பாருங்கள். 2.3 பாரிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் ஏறக்குறைய 1.84. அங்கே லைட் எரிகிறது. காத்து அடிக்காமல் ரீசெட் அமத்தினால் கார் 1.84-ஐச் சரி என்று பதிந்துகொள்ளும். அடுத்த தடவை எரிய அதிலிருந்து இன்னொரு 20 சதவீதம் இறங்க வேண்டும், அதாவது 1.47 வரைக்கும். அந்த அழுத்தத்தில் ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடிந்து நிமிர்ந்து சூடாகும். அதோடு ஷிரோக்கோ காற்று, கொதிக்கிற தார், மணிக்கு 120 கிலோமீற்றர். மாமா “திரும்ப அமத்துவன்” என்று சொன்னது இதைத்தான்.

“இதெல்லாம் கொம்மிஸ்தாமார் காசு பறிக்கிற வேலை” என்பார்கள். இந்த லைட் எப்படி வந்தது என்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பனி 65 லட்சம் ரயர்களைத் திரும்ப எடுத்தது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் ரயரின் மேற்பட்டை உரிந்து, வண்டி உருண்டு, 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அந்த வருடமே சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்த 2002இல் எழுதிய விதி கார்க் கம்பனிகளுக்கு இரண்டு தெரிவு கொடுத்தது. லேசான தெரிவில் ஒரு ரயர் இறங்கினால் காட்டினாலே போதும். பப்ளிக் சிட்டிசன் என்ற பாவனையாளர் அமைப்பு வழக்குப் போட்டு, 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தெரிவை வெட்டி எறிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் 1 முதல் எல்லாப் புதுப் பயணிகள் கார்களுக்கும் இந்த முறை கட்டாயம். ஆட்கள் செத்து, வழக்காடி வாங்கின லைட்டுக்குத்தான் நாங்கள் ரேப் ஒட்டுகிறோம்.

சென்சர் பிழை என்பது முழுப்பொய்யும் இல்லை. ஆனால் பிழை என்றால் கார் அதையும் சொல்லும். எஞ்சினைப் போட்டதும் லைட் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுங்கி மினுங்கிப் பிறகு நிலையாக எரிந்தால், முறையிலேயே கோளாறு. பற்றரி செத்திருக்கும், அல்லது சென்சர் இல்லாத சில்லு போட்டிருப்பீர்கள். மினுங்காமல் நேரே எரிந்தால் காத்துக் குறைவு. குளிர் காலையில் எரிந்து மத்தியானம் அணைந்தாலும் பொய் இல்லை. 10 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய 0.1 பார் இறங்கும். விளிம்பில் இருந்த ரயர்தான் அப்படி விழும்.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ பெற்றோல் மூடியின் உள்பக்கத்திலோ எழுதியிருக்கும். ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதைப் பார்க்காதீர்கள். அப்பாமார் “32” என்பார்கள். அது பிஎஸ்ஐ கணக்கு, 2.2 பார் வரும், பல கார்களுக்குக் கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் அட்டையில் ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று இரண்டாவது அளவும் இருக்கும். எங்கட குடும்பங்களுக்கு எப்பவும் அந்த இரண்டாவதுதான். ஓடாமல் ஆறின ரயரில் நாலுக்கும் அடியுங்கள். அடித்த பிறகு ரீசெட். பிறகு ஒரு இருபது நிமிடமாவது ஓட விடுங்கள், கார் படிக்கட்டும். நேரடி வகை என்றால் அனேகமாக ரீசெட்டே தேவையில்லை, காத்து அடித்துக் கொஞ்சத் தூரம் ஓடினால் தானே அணையும். அடித்தும் அதே ரயர் திரும்ப இறங்கினால் ஆணி ஏறியிருக்கலாம், கொம்மிஸ்தாவிடம் போங்கள்.

இப்ப எங்கட பங்கு. அப்பாமாருக்குப் பத்தெந்தே பரீட்சை தமிழில் வைக்கவில்லை. வேலை முடிந்து வந்து, விளங்காத இத்தாலியனில் சரி, பிழை என்று கேள்விகளைப் பாடமாக்கித்தான் பாஸ் பண்ணினார்கள். நாங்கள் பத்து வயதிலிருந்தே குவெஸ்தூராவிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்காக வாசித்தவர்கள். பெர்மெஸ்ஸோ படிவத்தில் ஒரு கட்டத்தையும் விட மாட்டோம். ஆனால் காரின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கிற புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கவில்லை. அதில் ரயர் பற்றி இருப்பது ஒரு சில பக்கம். கார் வாங்கின அன்று நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தோம். அதுக்குப் பிறகு சில்லுப் பக்கம் ஒருவரும் குனியவில்லை. அவர்கள் கேட்டால் “சென்சர் பிழை” என்கிறோம், ஏனென்றால் அதோடு கேள்வி முடிந்துவிடும்.

சரி, அந்த ஞாயிறு. சித்தப்பாவின் ரயில் வழக்கம்போலப் பிந்தி வந்தது. அதுக்குள் மாமாவைக் கூட்டிக்கொண்டு ஓரெத்தோ வீதிப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டுக்குப் போனேன். கதவோரத்தில் 2.3 என்று எழுதியிருந்தது. ஓடி வந்த சூட்டோடேயே பின் வலது சில்லில் 1.5 காட்டியது. மாமா மீற்றரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“போன வருசம் உன்னட்டத்தானே தம்பி கேட்டனான். நீதானே அமத்திக் காட்டினனி?”