2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஒரு சடுகுடு வீரர்! தகுமா?

படப்பையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஒரகடம் போகும் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. அங்கே இரண்டு பேருக்குச் சண்டை.

சொத்துச் சண்டை அல்ல. சடுகுடுச் சண்டை!

"தமிழ் தலைவாஸ் குழு பணத்தைத் தண்ணீராகக் கொட்டுகிறது. பலன் என்ன?" என்றார் பெரியவர்.

"பெரிய ஆள் இல்லாமல் எப்படி ஐயா ஜெயிக்கிறது?" என்றார் இளைஞர்.

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி தாம்பரம் வரை என்னோடு வந்தது.

நாம் சடுகுடு என்று சொல்லும் ஆட்டத்தைத்தான் இப்போது எல்லோரும் கபடி என்கிறார்கள். அதற்கு "புரோ கபடி" என்று ஒரு பெரிய போட்டி நடக்கிறது. 2017-ம் ஆண்டு முதல் நமது மாநிலத்துக் குழுவும் அதில் ஆடுகிறது. ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள்.

பெரிய விலை

2022 ஆகஸ்டு மாத ஏலத்தில் தமிழ் தலைவாஸ் குழு பவன் ஷெராவத் என்பவரை எடுத்தது. விலை 2 கோடியே 26 லட்சம் ரூபாய். அதுவரை அந்தப் போட்டியில் யாரும் அந்த விலைக்குப் போனதில்லை.

அவர் சாமானிய ஆள் அல்ல. பாடிச் சென்று புள்ளி எடுப்பதில் தொடர்ந்து மூன்று பருவங்கள் முதல் இடம் பிடித்தவர். 2019-ல் ஒரே ஆட்டத்தில் பாடிப் போயே 39 புள்ளிகள் எடுத்தவர். பெங்களூர் குழுவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். ஆகவே "ஆள் சரியில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு ஒரு குழு தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 4 கோடியே 40 லட்சம் ரூபாய்தான் செலவு செய்யலாம். அதில் பாதிக்கு மேல் ஒருவருக்கே போய்விட்டது! வீட்டுச் செலவுக்கு வைத்த பணத்தில் பாதியைப் பட்டுப்புடவைக்குக் கொடுத்த மாதிரி. புடவை நல்ல புடவைதான். மாதக் கடைசியில் அரிசிக்கு என்ன செய்வது?

முழங்காலில் அடி

2022 அக்டோபர் 8. பெங்களூரில் முதல் ஆட்டம். எதிரே குஜராத் குழு. முதல் பாதியிலேயே பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவே இல்லை.

அவ்வளவுதான், குழு தொலைந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

நடந்தது என்ன தெரியுமா? தமிழ் தலைவாஸ் தன் வரலாற்றில் முதல் தடவையாக அரை இறுதிக்குப் போனது அந்தப் பருவத்தில்தான்!

நரேந்தர் என்று ஒரு புதிய பையன். அவருக்கு அதுதான் முதல் பருவம். பெரியவர் இல்லாத இடத்தில் அவரைப் பாட அனுப்பினார்கள். 200 புள்ளிகளுக்கு மேல் எடுத்துவிட்டார். பிடிப்பதற்கு வலது மூலையில் சாகர், இடது மூலையில் சாகில் குலியா. இருவரும் முந்தைய பருவத்திலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள். ஒருவர் காலைப் பிடிக்கும்போது மற்றவர் எங்கே நிற்பார் என்று சொல்லாமலே தெரியும். அரை இறுதியில் புனே குழுவிடம் 37-39 என்று தோற்றார்கள். இரண்டே புள்ளி!

இதற்காக, பவன் இல்லாததே நல்லது என்று சொல்ல மாட்டேன். அடிபடுவது யாருக்கும் வரும். அவர் இருந்திருந்தால் அந்த இரண்டு புள்ளி கிடைத்திருக்கலாம். ஆனால் அவர் இருந்திருந்தால் நரேந்தர் எங்கே இருந்திருப்பார்? வெளியே உட்கார்ந்து கை தட்டிக்கொண்டு இருந்திருப்பார்.

மற்ற வருஷங்கள்

2019-ல் ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். குழு கடைசி இடம். 2024-ல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம். அந்த ஏலத்திலேயே அதிக விலை. குழு முதல் ஆறு இடத்துக்குள்கூட வரவில்லை. நம்மிடமிருந்து போன பவனை 2023-ல் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60½ லட்சம் கொடுத்து எடுத்தது. அந்தக் குழுவும் கடைசி இடம்தான். அதே மாதத்தில்தான் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கப் பதக்கம் வாங்கியது என்பதையும் சொல்லவேண்டும்.

2025-ல் அதே பவனை 59½ லட்சத்துக்கு மறுபடியும் இங்கே அழைத்து வந்தார்கள். நல்ல பேரம் என்று நான்கூடச் சொன்னேன். செப்டம்பர் மாதம், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி, பருவத்தின் நடுவிலேயே குழு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார்.

ஒரு ஆளால் முடியாது

காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. சடுகுடுவில் ஏழு பேர். பாடிப் போகிறவருக்கு 30 விநாடிதான் நேரம். பிடிபட்டால் வெளியே போகவேண்டும். தன் கட்சிக்காரர் யாராவது புள்ளி எடுத்தால்தான் மறுபடியும் உள்ளே வரலாம். அதாவது, 2 கோடி ரூபாய் ஆள் உள்ளே வருவதற்கு 10 லட்சம் ரூபாய் ஆள் தயவு வேண்டும்!

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் தாங்கள் விரும்பும் குழுவுக்குப் போகலாம். அந்த உரிமைக்காக ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற ஆட்டக்காரர் முன்னின்று 1970-ல் வழக்குத் தொடுத்தார். 1976-ல் சமரசம் ஏற்பட்டது. அங்கே ஆட்டக்காரரும் குழுவை எடைபோடுகிறார். நமது ஏலத்தில் அப்படி இல்லை. யார் கூவினார்களோ அங்கே போகவேண்டும். புது ஊர், புது மொழி, புது கூட்டாளிகள். சில வாரத்தில் சேர்ந்து ஆடு என்றால் எப்படி?

என் அபிப்பிராயம் இதுதான். முதலில் இரண்டு மூலைக்காரர்களுக்குப் பணம் கொடுங்கள். அவர்களை மூன்று வருஷம் மாற்றாதீர்கள். மிச்சப் பணத்தில் பாடுகிறவரைத் தேடுங்கள். வயதையும் பார்த்து மிரளாதீர்கள். 2016-ல் பாட்னா குழு கோப்பை வென்றபோது தலைவராக இருந்தவர் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். அப்போது அவர் 40 வயதைத் தாண்டியவர். அவர் பிடிக்கிற ஆள்!

தூரத்தில் தேடவும் வேண்டாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளைஞர் விளையாட்டு நடந்தது. தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் குழுவில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஆண்கள் குழுவில் வடுவூர் அபினேஷ் இருந்தார். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது.

தேநீர்க் கடைப் பெரியவர் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் அந்த இளைஞரையும் ஒதுக்க முடியவில்லை. கடைசி நிமிஷம், ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், யாரைப் பாட அனுப்புவீர்கள் என்று அவர் கேட்டால், பவனைத்தான் என்று நானும் சொல்வேன்.