காட்டைத் தின்றது யார்? கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்!



"வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்ததால்தான் ஏரி செத்தது, மரம் போயிற்று, காற்று கெட்டது." பெங்களூரில் இந்தப் பேச்சு புதிதல்ல. மழையில் தெரு மிதந்தால் கேட்கிறோம். கோடையில் குழாய் வறண்டால் கேட்கிறோம். படித்தவர்கள் கூடும் மண்டபங்களில் இதற்கே கொஞ்சம் நாகரிகமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள்: ஜனத்தொகைப் பெருக்கம், விறகுப் பசி, வறுமையால் வரும் இயற்கை அழிவு. பெயர் எதுவானாலும் விரல் நீளுவது பீன்யாவின் ஷீட் வீட்டை நோக்கித்தான். தர்மபுரியிலும் திருவண்ணாமலையிலும் கிணறு வற்றிப் பிழைப்புத் தேடி வந்த நம்மை நோக்கித்தான்.

இதற்கு நாம் கணக்கோடு பதில் சொல்ல முடியும். அந்தக் கணக்கை நம் சங்கத்தார் எழுதவில்லை. யஷ்வந்த்பூருக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே, டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று நாம் சொல்கிறோமே, அந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்கள் எழுதினார்கள். அதன் மதிலோரமாகத்தான் தினமும் பஸ்ஸில் போய் வருகிறோம். உள்ளே எழுதியது மட்டும் மதிலைத் தாண்டி நம்மிடம் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதினார்கள், ஆங்கிலத்தில் படித்தார்கள், அலமாரியில் வைத்துவிட்டார்கள்!

மூங்கில் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் கர்நாடகத்தில் கூடை முடையும் மேதரர்கள் கூக்குரல் எழுப்பினார்கள்: காட்டில் மூங்கில் ஒழிகிறது, ஆலைக்காரன் அள்ளிப் போகிறான், எங்கள் பிழைப்பில் மண் விழுகிறது என்று. வனத்துறையும் ஆலையும் என்ன சொல்லின? கிராமத்தான் மாடு மேய்க்கிறான், கண்டபடி வெட்டுகிறான், அவனால்தான் அழிவு என்றன. 1975-இல் அரசு இதை ஆராயும்படி இன்ஸ்டிட்யூட்டின் மாதவ் காட்கிலைக் கேட்டுக்கொண்டது. அவரும் கூட்டாளிகளும் காட்டுக்குள் போனார்கள். அவர்கள் கண்டது என்ன? காகித ஆலைக்கு அரசு மூங்கில் கொடுத்த விலை, டன்னுக்கு ஒன்றரை ரூபாய். ஆம், ஒரு டன்னுக்கு! அதே மூங்கிலைச் சந்தையில் வாங்கிய கூடைத் தொழிலாளி டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் மேல் கொடுத்தார். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் சரக்கை எந்த முதலாளி சிக்கனமாக வெட்டுவான்? பக்கத்துக் காடு தீர்ந்தது, அடுத்த காட்டுக்குப் போனான், அதுவும் தீர்ந்தது, வேறு மாநிலத்துக்குப் போனான்.

இதில் இன்னொரு செய்தி உண்டு. அது நமக்கு ரொம்பப் பிடித்தது. மூங்கில் புதரின் அடியில் முள் அடர்ந்திருக்கும். வெட்ட இடைஞ்சல், வளர்ச்சிக்கும் தடை என்று சொல்லி வனத்துறை அந்த முள்ளைக் கழிக்கச் செய்தது. முள்ளை எடுத்தால் குருத்தை மாடு தின்னும், குரங்கு தின்னும், முள்ளம்பன்றி தின்னும், மூங்கில் வளராது என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? பள்ளிக்கூடம் போகாதவன் பேச்சு! காட்கில் அளந்து பார்த்தார். ஊர்க்காரன் சொன்னதே சரி என்று வந்தது.

ரயில்வேயில் வேலை பார்க்கும் நாம் நம் இலாகாவின் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு 1864-இல் ரயில் வந்தது. நம் தாத்தா பாட்டிமார் பலர் இந்தப் பாதையில் வந்து இறங்கியவர்கள்தான். அதே 1864-இல்தான் ஆங்கிலேயன் வனத்துறையையும் ஏற்படுத்தினான். காட்டின்மேல் அவனுக்கு வந்த அன்பா? ஸ்லீப்பர் கட்டை வேண்டும் என்ற அவசரம்! இமயமலையில் யமுனைப் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து மட்டும் 1869-க்கும் 1885-க்கும் இடையே 65 லட்சத்துக்கு மேல் தேவதாரு ஸ்லீப்பர்கள் போயின என்று வரலாற்று ஆசிரியர் ராமச்சந்திர குஹா கணக்கெடுத்து எழுதியிருக்கிறார். அப்போது எஞ்சினும் பல இடங்களில் விறகைத்தான் எரித்தது. அத்தனை மரத்தையும் ஏற்றிவிட்டு, சுள்ளி பொறுக்கும் கிழவியைப் பிடித்து அபராதம் போட்டது வனச் சட்டம்.

சரி, அந்தச் சுள்ளிக் கட்டுக்கு வருவோம். அதே இன்ஸ்டிட்யூட்டில் அமூல்ய ரெட்டி என்ற விஞ்ஞானி 1974-இல் 'அஸ்திரா' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். விஞ்ஞானத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது அதன் நோக்கம். துமகூரு மாவட்டம் குணிகல் பக்கத்தில் புரா முதலான ஆறு கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள். யார் என்ன எரிக்கிறார்கள், யார் தண்ணீர் சுமக்கிறார்கள், எத்தனை மணி நேரம் என்று எழுதினார்கள். ஊர் எரிப்பதில் மிகப் பெரும் பங்கு அடுப்பு விறகுதான். அதிலும் பெரும்பகுதி கீழே கிடந்த சுள்ளி, காய்ந்த கொம்பு. காட்டைச் சாய்க்கும் கோடரி ஏழையின் அடுப்படியில் இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது! ஊரில் செலவாகும் மனித உழைப்பில் பெண்கள் பங்கு 53 சதவீதம், ஆண்கள் 31, குழந்தைகள் 16. தாய்மார்களே, உங்களுக்கு இது அதிசயமாக இருக்காது. ஆண் தோழர்கள் ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

புராவில் ஊர்ப் பொதுச் சாண எரிவாயுக் கலன் கட்டி 1982-இல் வீடுகளுக்குச் சமையல் வாயு கொடுத்தார்கள். சாணம் போதவில்லை, வாயு பற்றவில்லை, திட்டம் படுத்துவிட்டது. அப்புறம்தான் ஊராரிடம் கேட்டார்கள், முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று. குடிதண்ணீர் என்றார்கள். 1987-இல் அதே வாயுவில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுத்து, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் இறைத்து ஊருக்குக் குழாயும் வீடுகளுக்கு விளக்கும் வைத்தார்கள். சாணம் கொண்டுவந்தவருக்குக் கூலியும் உண்டு. திட்டம் பல ஆண்டுகள் ஓடியது.

கேட்டுச் செய்தால் இப்படி நடக்கும். கேட்காமல் செய்தால்? அதே துமகூரு மாவட்டத்தில் பாவகடாவைப் பாருங்கள். 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்சாரப் பூங்கா. 2018 மார்ச்சில் தொடக்க விழா கொண்டாடினார்கள். நிலம் உள்ளவருக்குத் தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை கொடுத்தார்கள். வறண்ட பூமியில் அது நல்ல காசுதான், மறுக்கவில்லை. நிலமே இல்லாமல் அந்த வயலில் களை பிடுங்கியவருக்கு? ஆடு மேய்த்தவருக்கு? குத்தகைத் தாளில் அவர் பெயர் எழுத இடமே இல்லை. கண்ணாடித் தகடு துடைக்கவும், புல் வெட்டவும், காவல் நிற்கவும் சிலருக்கு வேலை. மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். சூரிய மின்சாரத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. நிலக்கரிப் புகையைக் குடிக்கிறவர்களே நாம்தான். கூலிக்காரனின் வேலை நாளையும் கணக்கில் சேர்த்துவிட்டுப் 'பசுமை' என்று பெயர் வையுங்கள் என்கிறோம்.

இப்போது பீன்யா. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பேட்டைகளுக்கு மாசு மதிப்பெண் போட்டபோது பீன்யாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. முலாம் பூசும் பட்டறைகளின் குரோமியம் இங்கே நிலத்தடி நீரில் இறங்கியிருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீரை அளந்தார்கள், நல்லது. அந்தத் தொட்டியில் கை வைத்து வேலை செய்கிறவன் கையையும், அந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் துணி துவைக்கிறவள் கையையும் அளந்தவர் யார்? முதுமலைக் காட்டில் இதே இன்ஸ்டிட்யூட்டார் 1988 முதல் 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள செடிவரை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எது வளர்ந்தது, எதை யானை முறித்தது, எதைத் தீ தின்றது என்று ஆண்டுக்கு ஆண்டு பார்க்கிறார்கள். அரிய வேலை, வணங்குகிறோம். ஆனால் மஸ்டர் ரோலில் பெயரே இல்லாத பீன்யாவின் கான்ட்ராக்ட் தொழிலாளியைக் காட்டுச் செடி அளவுக்காவது எண்ணக் கூடாதா?

ஒன்றரை ரூபாய் மூங்கில் கதை முடிந்துபோன கதை என்று நினைக்காதீர்கள். முகவரிச் சான்று இல்லாத குடும்பம் சின்ன சிலிண்டரில் கிலோக் கணக்கில் எரிவாயு வாங்குகிறது. பெரிய சிலிண்டர்காரரை விடக் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறது. 2023-இல் கர்நாடக அரசு கிருஹ ஜோதித் திட்டம் கொண்டுவந்தது. மாதம் 200 யூனிட்டுக்குள் மின்சாரம் இலவசம், வாடகைக்காரருக்கும் உண்டு. ஆனால் லைன் வீடுகளில் பல குடித்தனத்துக்கு ஒரே மீட்டர்! எல்லாம் சேர்ந்து 200-ஐத் தாண்டிவிடும்; இலவசம் போய்விடும். வீட்டுக்காரர் சொல்கிற யூனிட் விலையை நாம் கொடுக்கிறோம். நாம் எரிப்பது இரண்டு விளக்கு, ஒரு விசிறி. ஊரைச் சூடாக்கியவர்கள் என்ற பெயர் மட்டும் நமக்கு!

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுதி வரவேண்டும். ஒரு மாதம் எரித்த வாயு எத்தனை கிலோ, கொடுத்த விலை என்ன. எத்தனை குடித்தனத்துக்கு ஒரு மீட்டர், யூனிட்டுக்கு என்ன கேட்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து, எத்தனை குடம், சுமப்பது யார். வீட்டில் யாருக்குக் கையில் புண், யாருக்கு விடாத இருமல், அவர் பார்க்கும் வேலை என்ன. தாய்மார்கள் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதட்டும். பக்கத்து வீட்டுக் கன்னடத் தோழரின் தாளையும், பீகார் தோழரின் தாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் குடிப்பதும் இதே தண்ணீர்தான். எல்லாவற்றையும் கட்டி இன்ஸ்டிட்யூட் வாசலுக்கு நாமே எடுத்துப் போவோம். பதில் தமிழிலும் கன்னடத்திலும் வேண்டும் என்று முதல் தாளிலேயே எழுதிவைப்போம்.