பட்டறைப் பையன்கள்



இத்தாலியில் சின்னக் கடைக்கும் கைவினைப் பட்டறைக்கும் 'பொத்தேகா' என்று ஒரே பெயர். கார் பழுது பார்க்கும் ஷெட் வேறு, அதற்கு 'ஒஃபிச்சீனா'. நம் ஊர்த் துணிக்கடைப் பலகைகளில் மின்னும் 'பொட்டிக்' பொத்தேகாவுக்குப் பங்காளி முறை. கொஞ்சம் பணக்காரப் பங்காளி!

பதினைந்தாம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸில் ஓவியர்களும் சிற்பிகளும் பிழைப்பு நடத்தியது பொத்தேகாவில்தான். ஆர்டர் பிடிப்பது, செய்வது, தொழில் கற்றுக்கொடுப்பது எல்லாம் அங்கேயே. வேலை பழக வந்தவனை 'பையன்' என்றே அழைத்தார்கள். வண்ணம் அரைப்பான், பசை காய்ச்சுவான், பலகைக்குச் சுண்ணப் பூச்சு பூசுவான். தூரிகை கைக்கு வர வருடக்கணக்காகும்.

அப்படி ஒரு சிற்பியான வெரோக்கியோவின் பொத்தேகாவில் ஓவியம், பளிங்கு, வெண்கலம் என்று எல்லா வேலையும் நடந்தது. ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் உச்சியில் 1471இல் ஏற்றிய பெரிய செம்பு உருண்டையும் அவர்கள் செய்ததே. அங்கே பதின்வயதில் சேர்ந்த ஒரு பையன், அதை எப்படிப் பற்றவைத்தோம் என்பதை முதுமையிலும் மறக்காமல் தன் குறிப்பேட்டில் எழுதினார். லியோனார்டோ டா வின்சி.

குருவின் 'கிறிஸ்துவின் ஞானஸ்நானம்' ஓவியத்தில் லியோனார்டோ ஒரு தேவதூதனை வரைந்தாராம். அதைப் பார்த்த வெரோக்கியோ அதன்பின் வண்ணத்தையே தொடவில்லையாம். கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதிவைத்த கதை. எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. பையன் நன்றாக வரைந்தால் முதலாளிக்கு லாபம்தானே? ஆர்டரை அவனிடம் தள்ளிவிட்டு, தனக்குப் பிடித்த சிற்பத்தைக் கவனிக்கலாம்.

என் அபிமானம் அதே பட்டறையின் இன்னொரு பையன்மீது: லொரென்சோ தி க்ரேதி. குதிரைமேல் அமர்ந்த படைத்தளபதி கொல்லியோனியின் சிலைக்காக வெரோக்கியோ வெனிஸ் போய்விட, ஃப்ளாரன்ஸ் கடையைப் பார்த்துக்கொண்டவர் இவர். பிஸ்தோயா ஊருக்குக் குரு ஒப்புக்கொண்ட பலிபீட ஓவியத்தைப் பெரும்பாலும் வரைந்தவரும் இவர்தான். கலை வரலாற்றில் இவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்தி.

குதிரையை வார்ப்பதற்கு முன்பே, 1488இல் வெரோக்கியோ இறந்தார். சிலையை லொரென்சோ முடிக்கட்டும் என்று உயிலில் கேட்டிருந்தார். வெனிஸ் அரசு கேட்கவில்லை. உள்ளூர்க்காரர் அலெஸ்ஸாந்த்ரோ லியோபார்தியிடம் கொடுத்தது. அவர் அருமையாகத்தான் வார்த்தார். கையோடு, குதிரையின் வயிற்றுப் பட்டையில் தன் பெயரையும் பொறித்துக்கொண்டார்.